ஐந்து வருடத் தவக்காலமும் அண்ணன் கொண்டுவந்த மீனும்

இறைவனிடம் ஓய்வெடுக்கப் போய்விட்ட எங்கள் அண்ணனின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை வணக்கத்தோடு எழுதுவது.

மலர் அச்சுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் பெரியப்பா, அதாவது எங்கள் அப்பாவின் அண்ணன், போன் செய்தார். "நன்றி சொல்ற எடத்துல எம்பேர மொதல்ல போடும்மா. அவன் கடன அடைக்க வழி பண்ணிக் குடுத்தது நான்தான்னு ஒரு வரி எழுதிடு. நாலு பேரு படிக்கிறது பாரு" என்றார். சரி பெரியப்பா என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரியைத்தான் கொஞ்சம் விரிவாக எழுதியிருக்கிறேன்.

அண்ணன் குறிஞ்சிப்பாடியில் பிறந்தார். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அப்பாவின் வேலைக்காகக் கடலூர் முதுநகருக்கு வந்து, பெரியப்பா வீடு இருந்த அதே சந்தில் குடியேறினோம். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு ஒரு தனியார் கம்பெனியின் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவைக் கடைசிவரை அவர்தான் பார்த்துக்கொண்டார். என்னை பி.காம். வரை படிக்க வைத்தார். ஞாயிறு தவறாமல் கோயில் பாடகர் குழுவில் பாடுவார். குரல் சுமார்தான், சத்தம் மட்டும் ஜாஸ்தி. ஆனால் பெரியவர்கள் முன்னால் அந்தச் சத்தம் எங்கே போகுமோ தெரியாது. அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. இளிச்சவாயன் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. இரண்டு வகையினரும் இன்று வந்திருக்கிறார்கள்.

எனக்குச் சிதம்பரத்தில் வரன் அமைந்தபோது சுனாமி வந்தது. தேவனாம்பட்டினத்தில் பிணங்களைத் தேடி எடுக்கிற வேலைக்கு அண்ணனும் போய்வந்தார். வந்தவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "ஈஸ்டர் கழிச்சு சின்னதா வச்சுக்கலாம் பெரியப்பா" என்று கேட்டுப் பார்த்தார்.

"தவக்காலம் பொறந்துட்டா கல்யாணம் கெடையாது. அதுக்குள்ள முடிச்சுடு. தள்ளிப்போட்டா சம்மந்தி வூட்ல என்னா நெனைப்பாங்க? பணத்த நான் பொறட்டித் தரேன்" என்றார் பெரியப்பா. பிறகு, பந்தியில் மட்டன் பிரியாணி மட்டும் போதாது, சிக்கனும் வேண்டும் என்றார். ஊரே அழுதுகொண்டிருந்த வாரத்தில் பந்தியைப் பற்றிப் பேச அவரால் முடிந்தது. கட்டிய பட்டுப்புடவையோடு மேடையில் சிரித்துக்கொண்டு நின்றவளும் நான்தான், அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சாம்பல் புதனுக்கு முன்னால் கல்யாணம் முடிந்தது. பெரியப்பா தன் கையிலிருந்து கொஞ்சம் கொடுத்திருந்தார். மீதியை அவர் சொன்னதன்பேரில் மூன்று பேர் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் வட்டி. ஒன்றரை வருடத்தில் அண்ணனால் வட்டியே கட்ட முடியாமல் போயிற்று. ஒருவர் வாசலில் வந்து நின்று கத்த ஆரம்பித்ததும், 2006-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வீட்டு ஹாலில் எல்லோரும் உட்கார்ந்து பேசினார்கள். நானும் போயிருந்தேன்.

சம்பளம் வாங்கியதும் பாதிக்கு மேல் பெரியப்பா கையில் கொடுத்துவிட வேண்டும், அவர் நான்கு பங்காகப் பிரித்துக் கொடுப்பார், ஐந்து வருடத்தில் முடிந்துவிடும் என்று ஏற்பாடு. அதுவரை யாரும் வாசலில் வந்து நிற்கக் கூடாது. இதுவரைக்கும் நியாயம்தான். அதற்குமேல் பெரியப்பா விரலை மடக்கினார்.

"மீனு, கறி, கேபிளு. மூணும் வேணாம். கடன் அடையற வரைக்கும் ஒங்க வூட்டுக்குத் தவக்காலம்னு நெனச்சுக்க. ஆனா தங்கச்சிக்குச் செய்யற சீர மட்டும் நிறுத்திடாத. சிதம்பரத்துல நம்ம குடும்ப மானம் போயிடும்."

அண்ணன் தலையாட்டினார். சீர் நிற்காது என்று கேட்டு நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

மிச்சமிருந்த சம்பளத்தில் அண்ணன், தான், இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் வயிற்றை அண்ணி எப்படி நிரப்பினார் என்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நான் பார்த்ததை எழுதுகிறேன். ரேஷன் அரிசியை வாடை போக ஏழு தண்ணீரில் கழுவி, சோற்றுக்கும் இட்லிக்கும் அதையே வைத்துக்கொண்டார். சோப்பை நூலால் இரண்டாக அறுத்து ஒரு பாதியை எடுத்து வைத்துவிடுவார். மார்க்கெட்டுக்கு இருட்டுகிற நேரத்தில்தான் போவார், கடைக்காரர்கள் மிஞ்சியதைத் தள்ளிவிடும் நேரம் அது. வெந்நீருக்கும் சோற்றுக்கும் பின்பக்கம் சவுக்கு விறகு. ஒரு சிலிண்டர் நான்கு மாதம் வந்தது. அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிவி, கேபிள் இல்லாததால் ஒரு பழைய துண்டைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. அதைக்கூடப் பெரியப்பா துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போனார். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் மட்டும் ஒரு தடவையும் தள்ளிப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் பெரியம்மா நேராக அண்ணன் வீட்டுக்கு வருவார். சும்மா எட்டிப் பார்க்கத்தான். எட்டிப் பார்ப்பது என்றால் அடுப்படிக்குள் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பது. "என்னாடி, இன்னைக்கும் கத்திரிக்காயா? நல்லது நல்லது" என்று மூடிவிட்டுப் போவார். நற்கருணை வாங்கிய வாய். ஒருமுறை பெரியவனுக்குக் காய்ச்சல் விட்டு நாக்கு செத்துக் கிடக்கிறதே என்று அண்ணி ஒரு பிடி நெத்திலிக் கருவாடு வறுத்திருக்கிறார். சாயங்காலமே பெரியப்பா வாசலில் நின்றார்.

"கடன் வாங்குனவன் வூட்டுக் கருவாட்டு வாசன தெருமுன வரைக்கும் அடிக்குது. குடுத்தவன் வூட்ல ரசம்!"

சந்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பிள்ளைகள் தட்டோடு எழுந்து உள்ளே போய்விட்டார்களாம். அதற்குப் பிறகு கடன் தீரும்வரை அந்த வீட்டில் மீன் ஏறவில்லை.

ஆனால் சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு மாதம் ஒரு ஞாயிறு மீன் வந்தது. விடிந்ததும் தேவனாம்பட்டினம் போய், ஒயர் கூடையில் பிளாஸ்டிக் பை போட்டு, சங்கராவோ மத்தியோ வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு அண்ணன் பஸ் ஏறுவார். தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டே வருவார். அன்றைக்குப் பத்து மணிப் பூசைக்கு எங்கள் சிதம்பரம் கோயில். "இந்தா பாப்பா, ஆக்கு" என்று கூடையை என்னிடம் கொடுப்பார்.

எனக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா அத்தை, எங்கண்ணன் சீரு" என்று மாமியாரிடம் கூடையைத் தூக்கிக் காட்டுவேன். கீழ் வீட்டில் இருந்த நாத்தனாருக்கு ஒரு கிண்ணம் போகும். வீட்டு ஆண்களுக்கு நடுத்துண்டு. கொண்டுவந்தவர் கேட்டுச் சாப்பிட மாட்டார், அது சம்பந்தி வீட்டு மரியாதை. அண்ணன் இலையில் ஒரு வால் துண்டு வைப்பேன். பிள்ளைகளுக்கு முள் குத்திவிடும் என்று குழம்பை மட்டும் ஊற்றுவேன். அதுகளும் ஒன்றும் கேட்காது. குழம்பைச் சோற்றில் பிசைந்து விரல் இடுக்கெல்லாம் நக்கும். "கடலூர்ல கெடைக்காத மீனா? பறக்காவட்டி மாதிரி!" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே கேட்டேன். அண்ணனும் சிரித்தார்.

2011-ல் கடைசித் தவணையும் கட்டி முடிந்தது. அந்த வருடமே அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது மீன் குழம்பு கேட்டார் என்று செய்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு வாய்கூட வைக்கவில்லை. பிள்ளைகளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்காரவைத்து, துண்டு துண்டாக அவர்களுக்கே போடச் சொன்னார். "என்னாண்ணே, நல்லா இல்லையா?" என்று கேட்டேன். "அதுங்க திங்கறத பாரேன் பாப்பா" என்றார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

இந்தக் கட்டுரையை முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். கடனிலும் தங்கைக்கு மாதாமாதம் மீன் சீர் கொண்டுவந்த உத்தமர் என்று இரண்டு பாரா. படித்துக் காட்டியபோது அண்ணி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அன்று பெரியப்பா வாசலில் நின்று கத்திவிட்டுப் போன பிறகும் அழாத அண்ணி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அத எடுத்துடு பாப்பா. அது சீரு இல்ல."

"பின்ன?"

"இங்க ஆக்க வுடல. சீருன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னு அங்க தூக்கினு வந்தாரு. ஒன் வூட்ல பிள்ளைங்க வயிறார திங்கும்னு நெனச்சாரு. வர்றப்ப பஸ்ல சின்னவன் கேப்பானாம், அடுத்த மாசமாவது அத்தை துண்டு வைக்குமாப்பான்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"சொன்னா ஒனக்கு ஒன் மாமியாருகிட்ட மதிப்பு போயிடுமாம். ஒனக்கு அது சந்தோஷமா இருக்குது, இருந்துட்டுப் போவட்டும்னுட்டாரு."

ஐந்து வருடம் மாதாமாதம் அந்தப் பிள்ளைகளின் வாயிலிருந்து பிடுங்கி நான் பெருமை பரிமாறியிருக்கிறேன். சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்த பெரியம்மாவை இவ்வளவு நேரம் அருவருப்போடு எழுதினேனே, அவராவது பார்த்துவிட்டு மூடிவிட்டுப் போனார். நான் எடுத்துத் தின்றேன். அன்றிலிருந்து மீன் கழுவினால் என் கை எனக்கே நாறுகிறது.

இனி நன்றி. அண்ணன் வரும் ஞாயிறுகளில் ஐஸில் எடுத்து வைத்துக் காத்திருந்து, கேட்ட விலைக்குக் கொடுத்த தேவனாம்பட்டினத்து மீன்கார அக்காவுக்கு நன்றி. அண்ணன் கேட்காமலே ஓவர்டைம் போட்டுக் கொடுத்த ஸ்டோர் நண்பர்களுக்கு நன்றி. ஏழு தண்ணீரில் அரிசி கழுவிய அண்ணியின் கைகளுக்கு நன்றி. பெரியப்பா கேட்ட வரியையும் எழுதிவிட்டேன்: கடனை அடைக்க வழி பண்ணிக் கொடுத்தவர் அவர்தான். அடைத்தது அண்ணனின் பிள்ளைகள்.

பூசை முடிந்ததும் முதுநகரில் அண்ணன் வீட்டிலேயே சாப்பாடு. சங்கரா மீன் குழம்பும் வறுவலும் காலையிலிருந்தே தயாராகிக்கொண்டிருக்கும், வாசனை தெருமுனைவரை வரும். முதல் பந்தியில் இரண்டே இலை. அண்ணன் பிள்ளைகள் உட்காருவார்கள், நான் முள் எடுத்துக் கொடுப்பேன். அவர்கள் போதும் அத்தை என்று சொல்லிக் கை கழுவிய பிறகு மற்றவர்கள் உட்காரலாம். பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் இலை உண்டு. அதுவரை எல்லோரும் தயவுசெய்து வெளியே காத்திருக்க வேண்டுகிறேன்.