புதன்கிழமைகளில் மோர் முதலில்

1955 மாசி, செவ்வாய். மதுரையிலிருந்து திருச்சிக்கு நூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. பகல் பன்னிரண்டரைக்கு ரயில் என்னை ஜங்ஷனில் இறக்கிவிட்டது. தென்னூருக்கு ஜட்காவில் எட்டணா கேட்டார்கள், ஆறணாவுக்குப் படிந்தது. வீட்டு அடையாளம் சொல்வதற்குள், "புதன்கிழமைக்காரர் வீடுதானே, தெரியுங்க" என்றார் வண்டிக்காரர். அதற்கு மேல் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்காரன் சோமு என்னோடு பள்ளியில் படித்தவன். காந்தி மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம். நான் மதுரையில் குமாஸ்தா. ஸ்ரீரங்கம் பார்ப்பதற்காக லீவு எடுத்து வந்தவன். பள்ளி விட்ட பிறகு கடிதத்தில் மட்டும் பழக்கம்.

மாலை ஐந்து மணிக்குச் சோமுவோடு மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கேதான் விஷயம் தெரிந்தது. வாரத்தில் ஒரு நாள், புதன்கிழமை, எதையும் தலைகீழாகச் செய்வது அவன் வழக்கம். பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பான். கடைக்கு எல்லாரும் போகிற தெருவை விட்டுச் சுற்றி வருவான். சாப்பாட்டை மோரில் தொடங்கி, ரசம் கடந்து, குழம்பில் முடிப்பான். வீட்டில் எல்லாரும் அன்று அப்படித்தான் சாப்பிட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நடக்கிறதாம். கிறுக்குத்தனம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் சிரித்தான், பதில் சொன்னது மூட்டை தூக்கும் பெரியவர் ஒருவர்.

"முன்னெல்லாம் கைக்குக் கிடைச்ச மூட்டையை லாரியில ஏத்துவோம்ங்க. இங்க வந்து தக்காளியைத் தேடிப் பூசணியெல்லாம் இறக்கிப் போடணும். ஒரு புதன்கிழமை இவர் வந்து, மொதல்ல விக்கிறதைக் கடைசியா ஏத்துங்கன்னார். இப்ப எல்லாக் கடையிலயும் அப்படித்தான்."

மோர்ச் சோறு சாப்பிடும்போது தோன்றிய யோசனையாம். சொன்ன பிறகு யாருக்கும் புரிகிற விஷயம்தான். சொல்லும்வரை அத்தனை பெரிய மார்க்கெட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

இரவுச் சாப்பாட்டின்போது சோமுவின் மனைவி மங்களம் வேறொரு சேதி சொன்னாள். மகள் வசந்தாவை ஸ்ரீரங்கத்து வாழைத்தோட்டக்காரர் வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பையனும் பெண்ணும் பிடித்திருக்கிறது என்று சொல்லியாயிற்று. மறுநாள் பகல் கை நனைக்க வருகிறார்கள். பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்பது இந்தப் பக்கத்து வழக்கம். சம்மதம் ஆகாதவரை தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அவர்கள் குறித்துச் சொன்ன நாள் புதன்கிழமை. அப்பன் ஒரு மாதிரி என்ற பேச்சினால் ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் எல்லாரையும் போல இருங்க. பொண்ணுக்காகக் கேக்கறேன்" என்றாள் மங்களம்.

சரி என்றான் சோமு. வசந்தா இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

புதன், காலை ஆறரை. ஸ்ரீரங்கத்துக்குப் பஸ்ஸில் இரண்டணா. காவிரியில் பாதிக்கு மேல் மணல்தான். கோயிலில் மதில் மேல் மதிலாகக் கடந்து உள்ளே போய்ச் சேரக் கால் வலித்தது. பெருமாளைக் கண் நிறையப் பார்ப்பதற்குள், "சேவிச்சாச்சோன்னோ, நகருங்கோ" என்றார் அர்ச்சகர். நகர்ந்தேன். பதினொரு மணிக்குத் தென்னூர் திரும்பிவிட்டேன். சோமு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தான். இரவல் சட்டை போட்டவனைப் போல் இருந்தான். எனக்குப் பாவமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு வந்தார்கள். தோட்டக்காரர், அவர் மனைவி, பையன், மூன்றே பேர். பந்தியில் எனக்கும் ஓர் இலை. பொரியல், கூட்டு, சோறு எல்லாம் மங்களமே வைத்தாள். பெண் கையால் பரிமாறட்டும் என்று பையனின் தாயார் ஆசைப்பட்டாள். வசந்தா தலை குனிந்தபடி வந்து, ஒரு பாத்திரத்தை எடுத்து, தோட்டக்காரரின் சோற்றில் ஊற்றினாள். பருப்பு அல்ல, மோர். இத்தனை வருஷப் புதன்கிழமைகள் அவள் கையில் இருந்தன.

பந்தியில் மோர் வந்தால் சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். முதலிலேயே வந்தால் எழுந்திருங்கள் என்று சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். தோட்டக்காரர் நீட்டிய கையை மடிமேல் வைத்துக்கொண்டார். பையன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். சோமு எழுந்து, பெண் பயத்தில் பாத்திரம் மாற்றிவிட்டாள், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று குழறினான். மங்களம் வேறு இலை கொண்டு வர ஓடினாள்.

"பாத்திரம் மாறலைங்க" என்றாள் வசந்தா. "புதன்கிழமை எங்க வீட்டுல இப்படித்தான். அப்பா பழக்கினது. இன்னிக்கு மட்டும் மறைச்சுட்டு, நாளைக்கு உங்க வீட்டுக்கு வந்து நான் யாரா இருக்கறது?"

சோமு நின்ற இடத்திலேயே நின்றான். பந்தியின் கடைசி இலையிலிருந்து பையனின் தாயார் குரல் வந்தது.

"எனக்கும் மோர் ஊத்தும்மா. முப்பது வருஷமா வயிறு ரொம்பின பிறகுதான் மோரே வருது, ருசி தெரிஞ்சதில்ல."

வசந்தா ஊற்றினாள். அந்த அம்மாள் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டு, புருஷனைப் பார்த்து, "நான் கை நனைச்சுட்டேங்க" என்றாள். தோட்டக்காரர் சற்று நேரம் இலையையே பார்த்தார். பிறகு மடியிலிருந்து கையை எடுத்துச் சோற்றில் வைத்தார்.

சோமு கொல்லைப்புறம் போனான். முகம் கழுவிக்கொண்டு வர அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

வியாழன் காலை ஏழே காலுக்கு ரயில். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், வசந்தாவின் வயதுதான். நான் தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே தெருவில் நடந்து, பருப்பில் தொடங்கி மோரில் முடிக்கிறேன். என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் கிடையாது. நாலு பேர் முன்னால் நின்று, இது என் அப்பா பழக்கினது என்று அவள் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். திண்டுக்கல் தாண்டியும் ஒன்றும் அகப்படவில்லை.