சம்பளத்துக்கு ஆடியவர்

என் நண்பர் ஒருவர் ஸ்னூக்கர் போட்டியில் ஆட முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். மேசையில் அவரை வெல்ல என்னால் முடியாது என்று தெரிந்துதான் அதைச் செய்தேன்.

சிலோனிலிருந்து திரும்பியவர்கள் நீலகிரித் தோட்டங்களில் குடியேறிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. நான் கோயம்புத்தூரில் பி.ஏ. முடித்துவிட்டு ஊட்டியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். நண்பர் அப்படித் திரும்பி வந்தவர்; அரவேணுப் பக்கம் தேயிலை பேக்டரியில் அவருக்கு வேலை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த ஸ்னூக்கர் கடையில் சந்திப்போம்.

பெரிய கிளப்புகளின் கதவு எங்களைப் போன்றவர்களுக்கு அன்று திறக்காது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் மேசையை வாங்கிப் போட்டு, கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் அந்தக் கடையை நடத்தினார். மழைக்காலத்தில் மேசையின் பச்சைக் கம்பளித் துணி ஈரம் கோத்துக்கொள்ளும். பந்து சேற்றில் உருள்வதுபோல் உருளும். அதனால் கடைக்காரர் விடிந்ததுமே மேசைக்கு அடியில் கரிச்சட்டிகளை வைத்துவிடுவார். துணியை இஸ்திரி போடுவார். வெளியே பனிமூட்டத்தில் எதிர்க்கடைகூடத் தெரியாது. உள்ளே சூடான கம்பளியின் வாசனை. என் வாழ்க்கையில் அதைவிடக் கதகதப்பான அறையில் நான் இருந்ததில்லை.

நான் ஒவ்வொரு அடிக்கும் யோசிப்பேன். அவருக்குப் பொறுக்காது.

"என்னாங்க சேர், கறுப்புப் பந்துக்கு ஆர்டர் போட்டு, அது கையெழுத்தாகி வரணுமா?"

"ஏனுங்க, அவரை ஆட உடுங்க. வாயிலயே பாதி ஆட்டத்தை ஜெயிச்சுப்போடறீங்க" என்பார் கடைக்காரர்.

"மிச்சப் பாதிய கோலு பாத்துக்கும்."

பார்த்துக்கொள்ளத்தான் செய்தது. மோவாய் கோலில் உரசும் அளவுக்குக் குனிவார். பந்துகள் குழிகளுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அவருடைய சட்டைக் கை ஏதாவதொரு பந்தில் பட்டுவிட்டால், யாரும் பார்க்காவிட்டாலும், "தப்பு" என்று தானே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அந்த ஆட்டத்தில் அதுதான் மரியாதை.

அடைமழை பெய்த ஒரு ஞாயிறன்று என்னிடமும் கடைக்காரரிடமும் நண்பர் ஒரு கதை சொன்னார். சிலோனில் தோட்டத் துரைமார்களின் கிளப்பில் அவர் மார்க்கராக இருந்தாராம். புள்ளிக் கணக்கு வைப்பதும், தனியாக வரும் துரைக்கு ஜோடியாக ஆடுவதும் மார்க்கரின் வேலை.

"நீங்க காசு குடுத்து ஆடுறீங்க சேர். நான் சம்பளம் வாங்கி ஆடினவன்!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அடுத்த ஆண்டு எங்கள் மலையில் ஒரு தேர்வுப் போட்டி வைத்தார்கள். வென்றவர் சென்னைக்குப் போய் மாநிலப் போட்டியில் ஆடலாம். அரையிறுதியில் அவரும் நானும் மோத வேண்டியிருந்தது. விதிகளில் ஒன்றை நான் கவனித்திருந்தேன்: மார்க்கர்கள், சம்பளத்துக்கு ஆடியவர்கள், தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆகியோருக்கு இதில் இடமில்லை. முந்தின நாள் மாலை கமிட்டிக்காரர் ஒருவரைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். விதி விதிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

காலையில் அவரை எல்லோர் முன்னும் நிறுத்திக் கேட்டார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராலும் மெய்ப்பித்திருக்க முடியாது. "ஆமாங்க" என்றார்.

"அப்படியென்றால் நீ தொழில்முறை ஆட்டக்காரன். ஆடக்கூடாது."

"தொழில் கொழுந்து அரைக்கிறதுங்க. தோட்டத்து லயத்து வீட்டுல குடியிருக்கேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். அவர் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனார்.

நான் சென்னைக்குப் போனேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றேன்.

அதன்பின் அவர் கடைக்கு வரவில்லை. "என்னமோ கோவமாட்ட இருக்குதுங்க, ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று கடைக்காரர் என்னிடம் பலமுறை சொன்னார். நான் போகவில்லை. பிறகு கடை ஸ்வெட்டர் கடை ஆயிற்று, கடைக்காரரும் இறந்துபோனார்.

ஓய்வுபெற்ற பிறகு, மூத்தவர்களுக்கான ஒரு போட்டியை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. பழைய விதி எப்போதோ போய்விட்டது. விசாரித்ததில், அவர் ஓவேலியில் மகளோடு இருப்பது தெரிந்தது. அவரைப் போட்டிக்கு அழைக்கக் கூடலூர் போய் வேறு பஸ் பிடித்துப் போனேன். வாசலில் மிளகைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ, சேர்!" என்று என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். மகளிடம் தேநீர் போடச் சொன்னார். அது வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. கமிட்டியிடம் சொன்னது நான்தான் என்றேன்.

கைகளை விட்டார்.

"ரெண்டு பேருக்குத்தான் அந்தக் கதைய சொன்னேன். நீங்க படிச்சவரு, செய்ய மாட்டீங்கன்னு இருந்துட்டேன். கடைக்காரருதான்னு நெனச்சேன். ஒருக்கா மார்க்கெட்ல அவரு கூப்பிடக் கூப்பிட, காறித் துப்பிட்டுப் போனேன் சேர்." குனிந்து மிளகைக் கிளறிவிட்டார். "அவரு போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். அவரு சம்சாரம் இருக்காங்களா?"

"குன்னூரில், மகன் வீட்டில்."

"வாங்க. நீங்களே வந்து சொல்லணும்."

மறுநாள் குன்னூர் போனோம். அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு என்னை விட்டுவிட்டு நண்பரிடம் திரும்பினார்: "நீங்க துப்பிட்டுப் போன அன்னைக்கு ராத்திரி அவரு சோறே திங்கலைங்க. நானென்ன தப்புப் பண்ணுனேன்னு கேட்டுட்டே இருந்தாருங்க." நண்பர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

போட்டிக்கு வந்தார். நான் மேசைக்குப் பக்கத்தில் நிற்கக்கூடாது என்று மட்டும் வேறொருவர் மூலம் சொல்லி அனுப்பினார். வராந்தாவில் நின்று பந்துகளின் சத்தத்தைக் கேட்டேன். ஓர் ஆட்டம் வென்று, அடுத்ததில் தோற்றார். "கண்ணு ஆப்பரேசன் முடியட்டும், அப்பறம் பாப்போம்" என்று தன்னைத் தோற்கடித்தவரிடம் அவர் சொன்னதும் உள்ளே எழுந்த சிரிப்பும் கேட்டன.

ஆண்டுதோறும் மிளகு அறுவடை முடிந்ததும் அவர் ஒரு பை மிளகோடு குன்னூருக்குப் போய் அந்த அம்மாளைப் பார்த்துவருவதாகக் கேள்விப்படுகிறேன். என்னைக் கூப்பிடுவதில்லை.