அப்பா எழுதிய வரிசை

என் தங்கைக்கு கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சீட் எடுக்க, கல்லூரிப் பட்டியலை அப்பாதான் எழுதினார். ரயில் போகிற வரிசையில் எழுதினார். எங்கள் ஸ்டேஷனான மாரிகுப்பத்தில் ஏறி பெங்களூருக்கு இருபது வருஷம் வேலைக்குப் போய் வந்த மனிதர். கல்யாணப் பத்திரிகை வைக்கக்கூட சொந்தக்காரர்களை ஸ்டேஷன்வாரியாகத்தான் எழுதுவார். முதலில் எங்கள் ஊரான கோலார் தங்க வயலிலேயே ஒரு கல்லூரி, பிறகு மாலூர் பக்கம் ஒன்று, கடைசியில் பெங்களூரில் தங்கை ஆசைப்பட்டுக் கிடந்த கல்லூரி.

"எல்லாத்தையும் எழுதிட்டேம்மா. இதுல பெருசா எது வருதோ அத அவுங்களே குடுத்துடுவாங்க," என்றார்.

கவுன்சலிங் அப்படி நடக்காது. பட்டியலை மேலிருந்து பார்த்துக்கொண்டே வருவார்கள். ரேங்குக்கு முதலில் எது அமைகிறதோ அதைக் கொடுத்துவிட்டு, கீழே இருப்பதையெல்லாம் அடித்துவிடுவார்கள். வேண்டியதைத்தான் முதலில் போட வேண்டும். எனக்குத் தெரியும். ஆபீசில் ஒருத்தியின் தங்கைக்கு நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். இவள் ரேங்குக்கு அந்த பெங்களூர் கல்லூரி அலுங்காமல் கிடைத்திருக்கும். அக்கா பார்த்துக்கொள்வாள் என்று பட்டியலை அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நான் வாயே திறக்காமல் அப்படியே டைப் அடித்தேன்.

ஏனா? அவளைவிட நான் ஒன்றும் மட்டமாகப் படித்தவளில்லை. பியூசி, அதாவது பிளஸ் டூ, முடித்ததும் நானும் இதே படிப்பைத்தான் கேட்டேன். "பொம்பள புள்ள டெய்லி ட்ரெயின்ல இடி வாங்கினு போவியா? இங்கயே பி.காம் படி," என்றார் அப்பா. படித்தேன். இப்போது அதே ரயிலில், அதே இடியை வாங்கிக்கொண்டு, தினமும் பெங்களூருக்குக் கணக்கு எழுதப் போகிறேன். தங்கை முறை வந்ததும் மனிதருக்கு ஞானம் பிறந்துவிட்டது. "அவ ஆசப்பட்டத படிக்கட்டும்" என்கிறார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திருத்திக்கொள்வதற்காக, யாருக்கு எந்தக் கல்லூரி என்று முதலில் ஒரு மாதிரிப் பட்டியல் வெளியிடுவார்கள். அதில் தங்க வயல் கல்லூரிதான் வந்தது. தங்கை பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"இன்னாக்கா இது, இங்கயே போட்டுக்கீறாங்க?"

"இது சும்மா ஒத்திகைடி. நெசத்துல மாறும், போ."

இன்னும் அவகாசம் இருந்தது. பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது. வரிசையை மாற்ற இரண்டு நிமிஷம் போதும். நான் மாற்றவில்லை.

அசல் பட்டியலிலும் அதுவே வந்தது. ரேங்கில் அவளுக்குப் பின்னால் இருந்த சிநேகிதிக்கு அந்த பெங்களூர் கல்லூரி கிடைத்தது. சிநேகிதி விளக்கிச் சொன்ன பிறகுதான் தங்கைக்கு விஷயம் புரிந்தது. வந்த வேகத்தில் பட்டியல் காகிதத்தை அப்பா முகத்தில் விட்டெறிந்தாள்.

"தெரியலன்னா சும்மா இருந்திருக்கலாம்ல? என் வாழ்க்கையே போச்சு!"

அப்பா என்னைப் பார்த்தார். "உனக்காச்சும் தெரியாதாம்மா?"

"நீங்க எழுதிக் குடுத்தத அடிச்சேன். எனக்கு இன்னா தெரியும்? நான் பி.காம் தானே."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷம் ஆகிறது. தங்கை அப்பாவோடு பேசுவதில்லை. அவர் கூடத்துக்கு வந்தால் எழுந்து போய்விடுகிறாள். அவளுக்கு எல்லாம் நான்தான். நேற்றுகூட என் மடியில் படுத்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நான் செத்தே போயிருப்பேங்க்கா," என்றாள். வாசற்படியில் நின்றிருந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு, "நீயாச்சும் அவளுக்குக் கீறியேம்மா," என்றார்.