லயத்துக்கு முதுகு காட்டிய நாலு வீடுகள்

1. ஆணியில் தொங்கிய சாவிகள்

வெள்ளிக்கிழமை காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், தோட்டத்து நிர்வாகியான தொரை தன் கையாலேயே நாலு குடும்பங்களுக்கு நாலு சாவி கொடுத்தார். திங்கட்கிழமை காலை ஆள்கள் வேலைக்குப் பெயர் கொடுக்க வந்து நின்றபோது, அந்த நாலு சாவியும் பெரட்டுக்களத்துத் தூணில் இருந்த ஆணியில் தொங்கின. யார் கொண்டுவந்து மாட்டியது என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கேட்டார். ஆள்கள் பெயரைக் கொடுத்துவிட்டு மலைக்கு ஏறிப் போனார்கள்.

அந்த வீடுகளைக் கட்டியவன் நான். இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்த நேரம். கினிகத்தேனைப் பக்கம் கடைகள் கட்டிக்கொண்டிருந்த என்னை, வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் ஏறிப்போக வேண்டிய அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மேசனாக எடுத்திருந்தார்கள். எனக்கு வயது இருபத்தெட்டு. மண்டைக்கனம் வயதைவிடக் கூடுதல்.

மலைச்சரிவில் ஒரே நேராக, தொழிலாளர் குடியிருக்கும் இரண்டு பழைய லயங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஆறு காம்பரா. ஒரு காம்பரா என்றால் ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை, அவ்வளவுதான். பன்னிரண்டு கதவுகளும் கீழ்ப்பக்கத்து வாசல் முற்றத்தைப் பார்த்தே இருந்தன. கதவுகளுக்கு முன்னால் திண்ணை மாதிரி நீளமான இஸ்தோப்பு ஓடியது. இரண்டு லயங்களுக்கும் நடுவில் கொஞ்சம் வெறும் நிலம் கிடந்தது. அங்கேதான் ஒட்டினாற்போல நாலு வீடுகள் கட்டச் சொல்லிக் கொழும்பிலிருந்து பிளான் வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு அறை, கண்ணாடி ஜன்னல், புகைக்குழாய். நான் பிளானை ஒரு நூல் பிசகாமல் கட்டினேன். வெள்ளையடித்து முடித்த அன்று, மேலே ரோட்டில் நின்று பார்த்துவிட்டு எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

சாவிகள் திரும்பி வந்த அன்று தொரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். அவர் வெள்ளைக்காரர். தோட்டத்துத் தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார்.

"மேசன், என்னா இது? வூடு ஒழுகுதா?"

"ஒரு சொட்டு ஒழுகாதுங்க தொரை."

"பேய் இருக்கா?"

"புது வீட்டுக்கு எங்கேருந்துங்க பேய் வரும்?"

"அப்போ ஏன் ஆள் போகல்லே? அடுத்த மாசம் விசிட்டிங் ஏஜண்ட் வாரார். வூடு காலியா இருந்தா, நான் உர மூட்டை போட்டுப் பூட்டறது. இன்னும் இருவது வூடு கட்ட கேட்டிருக்கேன். அதும் இல்லே. மேசன் வேலயும் இல்லே."

விசிட்டிங் ஏஜண்ட் என்பவர் கம்பெனி கொழும்பிலிருந்து அனுப்பும் பெரிய மனிதர். தொரையையே நிற்க வைத்துக் கேள்வி கேட்கக்கூடியவர்.

2. மாரியாயி அக்காவின் இஸ்தோப்பு

வேலை போய்விடுமோ என்ற பயத்தைவிடக் கோபம்தான் எனக்கு அதிகம். ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்துக்கிடக்கிற ஜனம், கண்ணாடி ஜன்னல் வைத்த வீட்டை வேண்டாம் என்கிறதே, எவ்வளவு கொழுப்பு! நாலு பேரைப் பிடித்து நன்றாகக் கேட்டுவிடுவது என்றுதான் அன்று சாயங்காலம் லயத்துக்குப் போனேன்.

முதல் சாவியை வாங்கியவர் மாரியாயி அக்கா. நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்தெடுப்பதில் தோட்டத்தின் அந்த டிவிசனில் அவரை முந்த ஆள் இல்லை. அவரும் புருஷனும் மகளும் ஒரு பக்கம், கல்யாணமான மகனும் மருமகளும் மறு பக்கம், நடுவில் ஒரு பழைய சேலைத் திரை. அதுதான் அவர்களுடைய காம்பரா. கைக்குழந்தையோடு மருமகள் அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதை வாசலில் இருந்தே பார்த்தேன்.

"ஏன்க்கா, நான் கட்டுன வீட்டுல என்னா கொறையக் கண்டீங்க?" என்று சத்தம் போட்டேன்.

அவர் பதறவில்லை. பாலில்லாத தேநீரான சாயத்தண்ணி ஒரு கோப்பையும் வெல்லத் துண்டும் கொண்டுவந்து வைத்தார். "மொதல்ல இந்த இஸ்தோப்புல குந்துங்க தம்பி. குந்திக்கிட்டு அந்தப் பக்கம் பாருங்க" என்றார்.

உட்கார்ந்து பார்த்தேன். ஆறு மாதம் அங்கே வேலை செய்திருக்கிறேன், ஒரு தடவைகூட அந்த இடத்திலிருந்து பார்த்ததில்லை. வரிசையாகக் கதவுகள், நடுவில் கதவே இல்லாத சுவர், அப்புறம் மறுபடி கதவுகள். பல் வரிசையில் ஒரு பல் திரும்பி முளைத்த மாதிரி இருந்தது. பிளானில் வீட்டின் முகப்பு ரோட்டைப் பார்த்து இருந்ததால், குசினி என்கிற சமையலறையின் சுவரும் அழுக்குத் தண்ணீர் ஓடும் கானும் லயத்து வாசலைப் பார்த்து இருந்தன. தளமும் இஸ்தோப்பைவிட ஒன்றரை அடி உயரம்.

"அந்த வெறும் எடத்துல என்னா நடக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று அக்கா கேட்டார். "கல்யாணம்னா அங்கதான் பந்தல். பந்தல் போட்டு ரெண்டு லயத்தையும் ஒண்ணாக்கிடுவோம். மொதக் காம்பராவுலேருந்து கடேசிக் காம்பரா வரைக்கும் ஒரே பந்தி. மொதப் பந்தி, ரெண்டாம் பந்திங்கிற பேச்சே எங்ககிட்ட கெடையாது. ஆவணியில எம்மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். இப்ப நான் எலய எங்க போடுறது?"

"அதுக்காக வீட்டையே வேணாம்னுட்டீங்களா?"

"வேணாம்னு யாரு சொன்னா? எம்மருமக அந்த ஜன்னலப் பாத்துப் பாத்து ஏங்குறா. ஆனா நாங்க அங்க போனா, லயத்து ஆளுங்களுக்கு முதுகக் காட்டிக்கிட்டில்ல குடியிருக்கணும்? லயத்த ரெண்டாப் பிரிச்சவ மாரியாயிங்கிற பேரு எனக்கு எதுக்குத் தம்பி?"

மற்ற மூன்று குடும்பங்களும் அதையே நினைத்திருக்கின்றன. தொரையிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

3. ரசமட்டம்

மறுநாள் விடிந்ததும் நூலும், மட்டம் பார்க்கும் ரசமட்டமும் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு லயத்து இஸ்தோப்பின் ஓரத்தில் நூலைக் கட்டி, புது வீடுகளைத் தாண்டி மறு லயத்து இஸ்தோப்புக்கு இழுத்தேன். நூல் அங்கே அச்சாகப் போய் உட்கார்ந்தது. ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அத்தனை சரிவில் அந்தக் காலத்து மேசன் யாரோ இரண்டு இஸ்தோப்பையும் ஒரே மட்டத்துக்குக் கட்டியிருக்கிறான். நான் அதை அளந்துகூடப் பார்க்கவில்லை.

செய்ய வேண்டியது உடனே விளங்கிவிட்டது. குசினி ஜன்னலை இடித்துக் கதவாக்கணும். அடுப்பையும் புகைக்குழாயையும் ரோட்டுப் பக்கத்து அறைக்கு மாற்றணும். கானை ரோட்டுப் பக்கச் சுவரோரமாகத் திருப்பி விடணும். வாசல் பக்கம் நாலு வீட்டுக்கும் சேர்த்துப் பழைய மட்டத்திலேயே இஸ்தோப்பு கட்டி, இரண்டு முனையிலும் பழைய இஸ்தோப்போடு சேர்க்கணும். கதவுக்கு இரண்டு படி வைத்தால் தளத்து உயரமும் சரியாகிவிடும்.

ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். தொரையின் முகம் சிவந்துவிட்டது.

"பிளான் கொழும்புலேருந்து வந்தது. அத மேசன் திருத்தறதா?"

வேலை போனால் போகட்டும் என்று வாயைத் திறந்தேன். "தொரை கோவிச்சுக்கக் கூடாதுங்க. தொரை பங்களாவுல குசினி எந்தப் பக்கம் இருக்குங்க?"

"ரோட்டுப் பக்கம்."

"முன்கதவு?"

"பூந்தோட்டம் பக்கம்."

"அவங்களுக்கு அந்த வாசல்தாங்க பூந்தோட்டம்."

தொரை எழுந்து ஜன்னலுக்குப் போனார். "ரெண்டு வாரம்" என்றார். "புதுச் சாமான் இல்லே. வேலை நேரத்திலே ஆள் இல்லே."

ஆள் இல்லையா? லயத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், ஆள்களை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது. கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வரும் பெண்கள் ஆற்றிலிருந்து ஆளுக்கொரு கல் கொண்டுவந்து போட்டார்கள். ஆண்கள் மண் வெட்டினார்கள். மிஞ்சிக் கிடந்த தகரமும் சீமெந்தும் எப்படியோ போதுமானதாக இருந்தன. மாரியாயி அக்காவின் மருமகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எனக்குச் சாந்து எடுத்துக் கொடுத்தாள். "கதவு நெசமாவே இந்தப் பக்கம் வந்துடுமாண்ணே?" என்று தினம் ஒரு தரம் கேட்பாள். பன்னிரண்டாம் நாள் மாலை வேலை முடிந்தது. மறுநாள் காலை ஆணியில் சாவி இல்லை.

4. பதினாறு கதவுகள்

விசிட்டிங் ஏஜண்ட் வந்தார். ரோட்டில் நின்று நாலு புகைக்குழாய்களிலும் புகை வருவதைப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த பிளானைப் பார்த்தார். புருவம் ஏறியது. விறுவிறுவென்று கீழே வாசலுக்கு இறங்கினார். நானும் பின்னாலேயே ஓடினேன். முதல் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பில் ஏறியவர், எங்கேயும் இறங்காமல், எங்கேயும் ஏறாமல், பூட்ஸ் சத்தம் டக்டக்கென்று கேட்க, பதினாறு கதவுகளையும் தாண்டி மறு முனையில் போய் நின்றார். திரும்பித் தொரையிடம் ஏதோ இங்கிலீஷில் கேட்டார். தொரை என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினார்.

"யார் பிளான்னு கேக்கறார். மேசன் பிளான்னு நான் சொன்னேன்."

பெரிய மனிதர் கையை நீட்டினார். என் கையெல்லாம் சுண்ணாம்பு. வேட்டியில் துடைத்துவிட்டுக் கொடுத்தேன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பதினாறு கதவுகளுக்கு முன்னாலும் ஒரே பந்தி, நடுவில் ஓர் இலை அளவுக்கும் இடைவெளி இல்லை. மாரியாயி அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், பழைய இஸ்தோப்பும் புது இஸ்தோப்பும் சேரும் இடத்தில் உட்கார வைத்தார். "இது ஒங்க எடம் தம்பி" என்றார். அன்றைக்குச் சாப்பிட்ட சோறு மாதிரி இன்றுவரை நான் சாப்பிட்டதில்லை.

மறு வருடம் இருபது வீடுகளுக்கான புதுப் பிளான் கொழும்பிலிருந்து வந்தது. தொரை அதை மேசையில் விரித்து விரலை வைத்துக் காட்டினார். வாசல் பக்கம் நீளமாக ஓர் இஸ்தோப்பு வரைந்திருந்தது. அப்படியும் நான் மண்வெட்டியைத் தொடவில்லை. முதலில் பக்கத்து லயங்களில் போய் ஒவ்வொரு வாசலிலும் குந்திப் பார்த்தேன். அதற்குப் பிறகு முப்பது வருடம் எங்கே வேலை செய்தாலும், அக்கம்பக்கத்து வீட்டு வாசலில் ஒரு கோப்பைச் சாயத்தண்ணி குடிக்காமல் நான் நூல் கட்டியதில்லை. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அந்த இருபது வீடுகளும் முடிந்த அன்று, காலைப் பெரட்டில் தொரை இருபது சாவிகளையும் அதே ஆணியில் கோத்து மாட்டினார். கண்டாக்கையா பெயர்களை வாசித்து முடிப்பதற்குள் ஆணி வெறுமையாகிவிட்டது.