பென்சில்வேனியாவுக்குப் போகாத வாக்கு

சுவரில் பதித்த தபால் பெட்டியின் தகட்டு மூடி 'டக்' என்று விழும் சத்தம். அவ்வளவுதான். அந்தச் சத்தம் எங்கே கேட்டாலும், பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாலும், என் கால் ஒரு கணம் நின்றுவிடுகிறது. கை தானாகவே மேலங்கியின் உள்பையைத் தடவுகிறது. அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் தடவுகிறது.

2024ஆம் ஆண்டு இலையுதிர்காலம். நாங்கள் இருப்பது சுவிஸில், வின்டர்தூர் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். அந்த மாதங்களில் காலையில் இறங்கும் பனிமூட்டம் மத்தியானம் வரை எழும்பாது. எதிர்வீட்டுக் கூரை இருக்கிறதா, கரைந்துபோனதா என்று தெரியாமல் தேத்தண்ணீர் குடிக்க வேண்டும். அந்த மூட்டத்துக்குள்தான் என் மச்சான், மனைவியின் தமையன், பென்சில்வேனியாவிலிருந்து வந்து இறங்கினான். தங்கைக்குப் பித்தப்பையில் சத்திரசிகிச்சை என்று கேள்விப்பட்டதும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தவன். வந்த அன்றே அவளைக் கட்டிலுக்கு அனுப்பிவிட்டுச் சமையலறையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு மாதத்துக்கு மேல் நின்றான்.

எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஐம்பத்து மூன்று. பொருட்கள் பொதி செய்யும் பெரிய கிடங்கொன்றில் அவனுக்கு வேலை. இரண்டு வருடங்களுக்கு முன்புதான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. அந்த நவம்பரில் அங்கே சனாதிபதித் தேர்தல். எந்தத் தொலைக்காட்சியைத் திருப்பினாலும் அவனுடைய மாநிலம்தான். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம்தான் நாடே சாயும் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாக்குச்சீட்டை எங்கள் வீட்டு விலாசத்துக்கே வரவழைத்திருந்தான்.

"உலகமே என்ர கையைப் பாத்துக்கொண்டு நிக்குது மச்சான், நீ என்னடாவெண்டா வெங்காயம் உரிக்கச் சொல்லுறாய்" என்பான்.

நானும் விடமாட்டேன். நாங்கள் இங்கே வருடத்தில் நாலு தரம் வாக்களிக்கிறோம், நீங்கள் நாலு வருடத்துக்கு ஒருக்கால்தானே என்று சீண்டுவேன்.

"அப்பிடியோ? எங்க, உங்கட சனாதிபதியின்ர பேரை ஒருக்காச் சொல்லு பாப்பம்."

நான் யோசித்தேன். இங்கே வருடத்துக்கு வருடம் ஆள் மாறும். அறைக்குள் படுத்திருந்த மனைவி கத்தினாள்: "அண்ணை, போன வருசத்து ஆளைக் கேக்கிறியளோ, இந்த வருசத்து ஆளையோ?"

அவன் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

ஆனால் அந்த வாக்குச்சீட்டு வந்த நாளில் அவன் சிரிக்கவில்லை. கையைக் கழுவி, துடைத்து, மேசைத் துணியை எடுத்துவிட்டு, உறையை மெல்லப் பிரித்தான். அப்போதுதான் சொன்னான். வாழ்நாளில் ஒரேயொரு தடவைதான் வாக்குச்சாவடி வரை போயிருக்கிறானாம். இருபதுகளில், வவுனியாவில். வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போனால், மேசைக்குப் பின்னால் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உம்மட வோட்டு விழுந்திட்டுது தம்பி" என்றாராம். யாரோ முன்பே வந்து அவன் பெயரில் புள்ளடி, அந்தப் பெருக்கல் குறி, போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பிறகு நாட்டை விட்டு வெளிக்கிட்டது, அலைந்தது, அகதி விண்ணப்பம், அது இதென்று முப்பது வருடம். ஆக, இதுதான் முதல் வாக்கு.

"இதில புள்ளடி இல்லையாம் மச்சான். பேருக்குப் பக்கத்தில கிடக்கிற முட்டையைக் கறுப்பு மையால நிரப்ப வேணுமாம்" என்றான், பேனையைத் தாளில் கீறிச் சரிபார்த்தபடி.

இரண்டு நாள் கழித்து, நான் மத்தியான வேலைக்கு வெளிக்கிடும்போது உறையைத் தந்தான். ஒட்டி, கையெழுத்து வைத்து, திகதி போட்டு, திகதி சரியா என்று என்னிடமும் காட்டி. "நான் தங்கச்சியை டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போறன். போற வழியில இதைப் போட்டுவிடு" என்றான்.

அந்த வாரம்தான் எங்கள் வாக்குச்சீட்டுகளும் வந்திருந்தன. நெடுஞ்சாலையை அகலமாக்குவதா, வேண்டாமா என்பது போன்ற கேள்விகள். அவற்றை நானும் மனைவியும் நிரப்பி வைத்திருந்தோம். இங்கே வாக்குறைக்கு முத்திரை ஒட்டத் தேவையில்லை. கெமைண்டே என்று நாங்கள் சொல்லும் ஊர்ச்சபைக் கட்டடத்தின் சுவரில் ஒரு பெட்டி இருக்கும், போகிற வழியில் அதற்குள் போட்டால் போதும். சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் தவறவிட்டதில்லை. மூன்று உறைகளையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன். பனிமூட்டம். பஸ்ஸுக்கு மூன்று நிமிடம். பெட்டியின் மூடியைத் தூக்கினேன், போட்டேன், 'டக்'. மூன்று வாக்கும் போட்டாயிற்று என்று ஒரு நிறைவு வேறு.

அமெரிக்காவுக்குத் தபாலில் போக வேண்டிய உறையையும் ஊர்ச்சபைப் பெட்டிக்குள் ஏன் போட்டேன் என்று இன்றைக்கும் என்னையே கேட்கிறேன். அறிவு தூங்கிவிட்டது என்று சொல்லலாம். ஆனால் கை விழித்துத்தான் இருந்தது. வாக்கு என்றால் அந்தப் பெட்டி என்று இத்தனை வருடம் பழகிய கை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இரவுச் சாப்பாட்டில், "போட்டிட்டியோ?" என்று கேட்டான். "போட்டிட்டன்" என்றேன். பொய்யில்லை.

தேர்தல் முடிந்த மறுநாள் காலை. எங்களுக்குக் காலை, அங்கே இன்னும் விடியவில்லை. தொலைக்காட்சியில் பென்சில்வேனியா வென்ற கட்சியின் சிவப்பு நிறமாயிற்று. மச்சான் கதிரையின் நுனியில் இருந்தான், கையில் ஆறிப்போன தேத்தண்ணீர். நான் திரையை விட்டுவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். மகிழ்ச்சியா? தெரியவில்லை. கவலையா? அதுவும் இல்லை. மனைவி என் காதுக்குள் கேட்டாள்: "அண்ணைக்கு இது சந்தோசமோ, துக்கமோ?" நான் உதட்டைப் பிதுக்கினேன். வாய் ஓயாமல் கதைக்கிறவன், தான் எந்தப் பக்கம் என்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல் விட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

கடைசியில் அவன் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனான். மாநிலத்தின் மொத்த வாக்குகள் நீளமான எண்ணாக ஓடிக்கொண்டிருந்தன. அதன் கடைசி இலக்கத்தில் விரலை வைத்தான்.

"இதுக்க நானும் நிக்கிறன்" என்றான்.

சனசமுத்திரத்துக்குள் தன் பிள்ளையின் தலையைக் கண்டுபிடித்தவன் போல.

மூன்று நாள் கழித்து ஊர்ச்சபையிலிருந்து என் பெயருக்குக் கடிதம் வந்தது. பெரிய உறை. உள்ளே இன்னொரு உறை, வெள்ளை, ஓரத்தில் நீலக்கோடு. மச்சான் என் கையில் தந்த அதே உறை. கூடவே ஒரு துண்டு: எங்கள் வாக்குறைகளுக்கிடையில் இது இருந்தது, இது எங்களுடையதல்ல என்பதால் திறக்கவில்லை, அனுப்பியவர் விலாசம் உங்கள் வீடாக இருப்பதால் திருப்பி அனுப்புகிறோம், அன்பான வணக்கங்களுடன். அன்பான வணக்கங்கள்! மாடிப்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் மேலங்கியின் உள்பைக்குள் செருகினேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பி உட்கார்ந்தாள். "ஐயோ, சொல்லிப்போடுங்கோ. மறைக்காதேங்கோ" என்றாள்.

மறுநாள் காலை, பல் தீட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "இஞ்சருங்கோ, சொல்ல வேண்டாம்" என்றாள்.

"நேற்றுச் சொல்லச் சொன்னியே?"

"அது நேற்று. ராத்திரி முழுக்க அண்ணை போனில அங்கத்தைச் சிநேகிதரோட கதைச்சதைக் கேட்டனீங்களோ? நான் சுவிசில இருந்தே போட்டனான் எண்டு எவ்வளவு பெருமையாச் சொன்னவர். அதை ஏன் கெடுப்பான்?"

அவள் சொன்னதும் சரிதான். முதல் நாள் சொன்னதும் சரிதான். அந்த ஒரு வாரம் நான் பட்ட குழப்பத்தை எப்படிச் சொல்வது? கணக்குப் பார்த்தால் ஒன்றுமேயில்லை. ஒரு வாக்கால் அசையக்கூடிய வித்தியாசமா அது? அவன் வென்றவருக்குப் போட்டிருந்தால், அவர் எப்படியும் வென்றுவிட்டார். தோற்றவருக்குப் போட்டிருந்தால், அவர் எப்படியும் தோற்றுவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினாலும் நான் குற்றவாளி இல்லை. ஆனால் அந்தக் கடைசி இலக்கத்தில் பதிந்த விரலை என்ன செய்வது? அவன் அங்கே நிற்பதாக நினைக்கிறான். அவன் அங்கே இல்லை. அவன் என் மேலங்கியின் உள்பையில், என் நெஞ்சோடு ஒட்டி, பஸ்ஸில் வேலைக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருக்கிறான். வவுனியாவில் யாரோ செய்ததைச் சுவிஸில் நானே செய்துவிட்டேன் என்று ஒரு எண்ணம் வரும். இல்லை, அங்கே செய்தவன் கள்ளன், நான் மடையன், இரண்டும் ஒன்றாகுமா என்று இன்னொன்று வரும். அன்றைக்குச் சாவடியில் இருந்தவராவது முகத்துக்கு நேரே சொன்னார். நான்?

சொல்லப் போனேன். ஒரு நாள் கடைக்குப் போகும் வழியில் வாயைத் திறந்தேன். "பனி கூடப்போலக் கிடக்கு" என்று வந்தது. இன்னொரு நாள் அவன் குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொன்னபோது தொடங்கினேன். "உப்புக் காணும், இனிப் போட வேண்டாம்" என்று முடிந்தது. என் சொற்கள் எல்லாம் என்னை விட்டுப் பனிமூட்டத்துக்குள் போய் ஒளித்துக்கொண்டன.

அவன் திரும்பிப் போகும் நாள் வந்தது. சூரிச் விமான நிலையத்தில் பயணச்சீட்டைக் காட்டி உள்ளே போகும் இடம். மனைவி வீட்டிலேயே அழுது முடித்துவிட்டாள். நாங்கள் இருவரும்தான். இன்னும் பத்து அடி போனால் அவன் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால். நான் உறையையும் கூட வந்த துண்டுக் கடிதத்தையும் எடுத்து நீட்டினேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. பெட்டி, பஸ், மூன்று நிமிடம் என்று துண்டு துண்டாகச் சொல்லியிருப்பேன்.

அவன் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் கையெழுத்தை. தான் போட்ட திகதியை. காது மடல்கள் சிவந்தன. என்னை விட்டு முகத்தைத் திருப்பி, விமானங்களின் நேரப்பலகையை வெகு நேரம் வாசித்தான். அதில் அவனுக்கு வாசிக்க ஒரேயொரு வரிதான் இருந்தது.

"எப்ப வந்தது?" என்றான், திரும்பாமல்.

"போன கிழமை."

"ஒரு கிழமையா வைச்சிருக்கிறாய். நான் உன்னோட ஒரு கோப்பையில சோறு திண்டிருக்கிறன்."

சுற்றிலும் பயணப்பெட்டிகளின் சில்லுகள் உருண்டுகொண்டிருந்தன. பிறகு அந்தத் துண்டுக் கடிதத்தைக் காட்டி, "இதில என்ன எழுதியிருக்கு?" என்றான். வாசித்துச் சொன்னேன், அன்பான வணக்கங்கள் வரை.

"திறக்கேல்லையாமோ?"

"இல்லை. தங்கடை இல்லையெண்டு திறக்கேல்லையாம்."

"அவையள் மனிசர்" என்றான். ஒட்டின இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். "நீ?"

"சத்தியமா இல்லை மச்சான்."

தலையை ஆட்டினான். உறையைக் கடவுச்சீட்டுக்குள் வைத்தான், மடங்காமல், மெல்ல. "உன்ர வோட்டையாவது நீ ஒழுங்காத்தான் போட்டிருக்கிறாய். அந்தளவுக்குச் சந்தோசம்" என்றான். அது குத்தலா, மன்னிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு என்னைக் கட்டிப்பிடித்தான்; விலா நோகும் அளவுக்கு. அதுவும் எந்த வகை என்று தெரியவில்லை.

அந்த உறைக்குள் எந்த முட்டை கறுத்திருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நாட்டுச் செய்தி வரும் நாட்களில், இதைக் கேட்டு அவன் சிரித்திருப்பான் என்று நினைக்கிறேன். அடுத்த செய்திக்கு, இல்லை, நொந்திருப்பான் என்று நினைக்கிறேன். ஒரு வாக்கின் பாரம் எவ்வளவு என்று என்னைக் கேட்டால், நாட்டுக்கு எவ்வளவோ தெரியாது, ஒரு வாரம் அதை நெஞ்சில் சுமந்தவனுக்குத் தெரியும் என்றுதான் சொல்வேன். இப்போதெல்லாம் பெட்டியின் மூடியைத் தூக்கிவிட்டு, உறையில் உள்ள விலாசத்தை இரண்டு தரம் வாசிக்கிறேன். பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழக்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு, அவன் கதவை நெருங்கிக்கொண்டிருந்தபோது, கேட்கக் கூடாத நேரத்தில் கேட்கக் கூடாததை என் வாய் கேட்டுவிட்டது.

"மச்சான், நீ ஆருக்குப் போட்டனி?"

அவன் நின்றான். திரும்பினான். இரண்டு மாதமாக நான் பார்த்த முகத்தில் அன்றுதான் முதல்முறையாக ஒரு வாக்காளனைப் பார்த்தேன்.

"அது ரகசிய வாக்கெடுப்படா" என்றான்.