மாதா கோவிலில் ஒரு காலிப் பெட்டி

தாராவியில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருப்பவனிடம் வந்து, ஸ்பீக்கர் மாட்ட வேண்டும், ஆனால் அது யார் கண்ணிலும் படக்கூடாது என்றால் எரிச்சல் வருமா வராதா? எங்கள் தொழிலே ஆள் உயரப் பெட்டிகளை அடுக்கித் தெருவையே எழுப்புவதுதான்.

மாஹிம் பக்கம் ஒரு பழைய மாதா கோவில். தமிழ்ப் பூசை வைக்கிற வயதான ஃபாதருக்குக் குரல் தேய்ந்துவிட்டது. பிரசங்கம் கேட்கவில்லை, வேறு ஆளை அனுப்புங்கள் என்று ஜனங்கள் மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள். புது மைக் செட் சரிப்படாவிட்டால் அவரை ஓய்வு இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் என்ஜினியர் அம்மாவோ சுவரில் ஒரு ஆணிகூட இறங்கக்கூடாது, ஸ்பீக்கரும் கண்ணில் படக்கூடாது என்றார். மெல்லிய ஸ்பீக்கர்களுக்குத் தூணின் நிறத்திலேயே பெயிண்ட் அடித்து, பட்டை போட்டுத் தூணோடு தூணாகக் கட்டினேன். மறுநாள் நானே தேட வேண்டியிருந்தது.

முதல் ஞாயிறு குரல் பின்வரிசை வரை கணீரென்று வந்தது. வெளியே வந்தவர்கள் ஒன்றுமே கேட்கவில்லை என்றார்கள். ஸ்பீக்கரே இல்லையே, எப்படிக் கேட்கும் என்று ஒரு பெரியவர் என்னிடமே நியாயம் கேட்டார். ஃபாதர் பிரசங்கத்தில் சொன்ன வேடிக்கையை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அடுத்த வாரம் கடையில் தூசி படிந்து கிடந்த பெரிய கறுப்புப் பெட்டியைக் கொண்டுபோய்ப் பீடத்துக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் பலகை. ஆணி அடிக்காததால் என்ஜினியர் அம்மா முகத்தைச் சுளித்ததோடு சரி. ஃபாதரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அன்று மொத்த ஜனமும் பின்வரிசைகளை விட்டு எழுந்து வந்து, பெட்டிக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தது. இதுதான் சவுண்டு என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். காது அடைக்கிறது, கொஞ்சம் குறையுங்கள் என்றார் ஒரு அம்மா. பெட்டிக்குப் பின்னால் போய் இல்லாத வால்யூம் குமிழைத் திருகினேன். இப்போது சரியாக இருக்கிறது என்றார். ஃபாதரை மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது.

போன மழையில் ஃபாதர் போன் செய்தார். ஆம்ப்ளிஃபையரில் தண்ணீர் இறங்கி, சில வாரங்களாகவே செத்துக் கிடக்கிறதாம். பதறிப்போய், ஜனங்கள் சண்டைக்கு வரவில்லையா என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல பாய். போன ஞாயித்துக்கிழமை பிரசங்கம் ரொம்பத் தெளிவா இருந்துச்சாம்."

உடனே வந்து சரி செய்கிறேன் என்றேன்.

"மெதுவா வாங்க. அந்தப் பெட்டிய மட்டும் எடுத்துட்டுப் போயிராதீங்க."