ஒரு நாள் காப்பகம்

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பெண்களுக்காகக் குழந்தைகள் காப்பகம் கட்டினார்கள். நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும் என்று விதி. நிரந்தரத்தில் இருந்த பெண்கள் யாருக்கும் கைக்குழந்தை இல்லை. திறப்பு விழாவுக்கு வந்த விருந்தினர்களின் கார் வாசலில் திரும்பியபோதுதான் அது நிர்வாகத்துக்கு உறைத்தது.

"எங்கியாவது ஒரு கொழந்தய புடிச்சினு வாய்யா!" என்றார் மேலாளர்.

எங்கள் கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பறந்து, குழந்தையோடு திரும்பினேன். பாய்லர் வெடித்தாலும் டீ கிளாஸைக் கீழே வைக்காதவன் என்று பீற்றிக்கொள்பவன் நான். குழந்தை என் சட்டையை நனைத்ததும், ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினேனாம். பிறகு குழந்தை காப்பகத் தொட்டிலில் தூங்கியது. படம் எடுத்தார்கள், கைதட்டினார்கள்.

மறுநாள் காலை அவள் குழந்தைக்குப் பவுடர் பூசி, பால் புட்டியும் மாற்றுத்துணியுமாகக் காப்பக வாசலில் நின்றாள்.

"பக்கத்தூட்டு அக்காகிட்ட இனிமே வேணாம்னு சொல்ட்டேன் சார். அவங்களும் வேற வேலைக்குப் போய்ட்டாங்க."

"இது பர்மனென்ட் ஆளுங்களுக்குத்தாம்மா."

"நேத்து இங்கதான சார் தூங்குச்சு?"

உள்ளே விடுவதற்காகக் கழற்றிய குழந்தையின் செருப்பை அவள் மறுபடி மாட்டத் தொடங்கினாள். உதவுகிறேன் என்று நானும் உட்கார்ந்தேன். வார் கொக்கிக்குள் போகவேயில்லை.

"உடுங்க சார், தூக்கினு போறேன். இன்னிக்கு வேலைக்கு வர்லன்னு சொல்லிடுங்க."